பிறர் காதுக்குப் பாடுவது

யூரோவிஷன் பாட்டுப் போட்டியை ஜனரஞ்சகக் குப்பை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அதில் பாடப்பட்டவற்றில் பெரும்பகுதி குப்பைதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1956-லிருந்து, 2020 ஒரு வருஷம் நீங்கலாக, ஆண்டு தவறாமல் நடந்துவரும் இந்தப் போட்டியில் ஒரு விதி மட்டும் நாலு தடவை புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. பாடகன் எந்த பாஷையில் பாட வேண்டும் என்ற விதி அது. 1966-ல் போட்டார்கள், 1973-ல் எடுத்தார்கள், 1977-ல் திரும்பப் போட்டார்கள், 1999-ல் திரும்ப எடுத்தார்கள். ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சி ஒரே விஷயத்தில் இத்தனை தடுமாறுகிறது என்றால், அந்த விஷயத்தின் வேர் பொழுதுபோக்குக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆங்கிலம் வந்து ஐரோப்பாவின் சிறு பாஷைகளை விழுங்கிற்று, விதி இருந்தவரை அவை தப்பின என்பது ஒரு கட்சி. கலைஞனுக்கு எந்த பாஷையிலும் பாட உரிமை உண்டு, விதி என்பதே அபத்தம் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு அடிப்படையான காரியத்தைக் கவனிக்காமல்தான் சண்டை போடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

அந்த அடிப்படை, போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1950-ல் ஏற்பட்ட ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியன், பல நாட்டுத் தொலைக்காட்சிகளை ஒரே நேரத்தில் இணைத்துக் காட்டும் சாத்தியத்தைப் பரிசோதிக்க விரும்பியது. இத்தாலியில் 1951-ல் துவங்கியிருந்த ஸான்ரெமோ பாட்டு விழா முன்மாதிரியாக இருந்தது. 1956 மே 24-ந் தேதி ஸ்விட்ஸர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகள் தலைக்கு இரண்டு பாட்டுகளுடன் கூடின. ஸ்விட்ஸர்லாந்தின் லீஸ் ஆஸியா பிரெஞ்சில் பாடி ஜெயித்தார். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு நாட்டு நடுவர்கள் தங்கள் நாட்டுப் பாட்டுக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று ஆயிற்று. நியாயமான விதி, வேறு எப்படியும் நடத்த முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? எவருக்காக ஒரு பாஷை இருக்கிறதோ அவர்களுடைய காது கணக்கில் சேராது. பாட்டை எடை போடுகிறவன், பெரும்பாலும் அதில் ஒரு வார்த்தையும் புரியாதவன். ஒரு டேனிஷ் பாட்டை டேனிஷ்காரன் தவிர மற்ற எல்லோரும் மதிப்பிடலாம். எந்த பாஷையில் பாடுவது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, வார்த்தையின் அர்த்தத்துக்கு இங்கு மதிப்பெண் கிடையாது என்பது தீர்மானமாகிவிட்டது.

இதற்கு ஒரே விலக்கு, எல்லை தாண்டிப் பேசப்படும் பாஷைகள். ஆரம்ப வருஷங்களில் அந்த அனுகூலம் பிரெஞ்சுக்கு இருந்தது. பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்விட்ஸர்லாந்து, லக்ஸம்பர்க், மொனாக்கோ என்று அதைப் புரிந்துகொள்ளும் காதுகள் பல நாடுகளில் இருந்தன. 1956-லிருந்து 1966 வரை நடந்த பதினொரு போட்டிகளில் ஆறு தடவை பிரெஞ்சுப் பாட்டு ஜெயித்தது. ஆங்கிலம் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. 1966-ல் ஆஸ்திரியாவின் உடோ யூர்கென்ஸ் ஜெர்மனில் பாடி ஜெயித்தபோதும் பாட்டின் தலைப்பு பிரெஞ்சில் இருந்தது. இங்கிலாந்தின் முதல் வெற்றி 1967-ல்தான். ஆக, ஆதியில் எல்லா பாஷைகளும் சமமாக உட்கார்ந்திருந்தன, பிறகு ஆங்கிலம் நுழைந்து கெடுத்தது என்ற சித்திரம் சரியல்ல. ஒரு பெரிய பாஷையின் இடத்துக்கு இன்னொரு பெரிய பாஷை வந்தது. சிறிய பாஷைகள் இரண்டு காலத்திலும் ஓரத்தில்தான் நின்றன.

1965-ல் நேப்பிள்ஸில் ஸ்வீடனின் ஓபரா பாடகர் இங்வார் விக்ஸெல் தம் பாட்டை ஆங்கிலத்தில் பாடினார். அடுத்த வருஷமே, ஒவ்வொரு நாடும் தன் தேசிய பாஷைகளில் ஒன்றில்தான் பாட வேண்டும் என்ற விதி வந்தது. விதியைக் காப்பாக நினைப்பவர்கள் அதன் சொற்களைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பாடகனின் பாஷை என்று அது சொல்லவில்லை. தேசிய பாஷை என்கிறது. தேசிய பாஷை எது என்று தீர்மானிப்பது யார்? அரசு.

லக்ஸம்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய நாடு ஐந்து தடவை ஜெயித்திருக்கிறது, ஐந்தும் பிரெஞ்சில். பாடிய ஐவரில் நால்வர் பிரான்ஸ்காரர்கள், ஒருவர் கிரேக்கர். 1965-ல் பிரான்ஸ் கால் பாடி லக்ஸம்பர்க்குக்கு வெற்றி தேடித் தந்த பாட்டை எழுதியவர் செர்ஜ் கெய்ன்ஸ்பர்க், அவரும் பாரீஸ்காரர். லக்ஸம்பர்க் ஜனங்கள் வீட்டில் பேசுகிற லக்ஸம்பர்கிஷ் பாஷையில் 1960-ல் ஒரு பாட்டு போயிற்று, கடைசி இடம். அதற்குப் பிறகு அந்த பாஷை மேடையில் கேட்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லக்ஸம்பர்கிஷ் தேசிய பாஷை என்று சட்டம் சொன்னதே 1984-ல்தான். விதி காப்பாற்றியது எந்த பாஷையை? 31 வருஷ இடைவெளிக்குப் பிறகு லக்ஸம்பர்க் 2024-ல் போட்டிக்குத் திரும்பி வந்தது. அப்போது பாடியது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்.

மால்டாவின் கதை இதைவிடத் தெளிவு. 1971, 1972 இரண்டு வருஷமும் மால்டீஸ் பாஷையில் பாடினார்கள். இரண்டு வருஷமும் கடைசி. ஆங்கிலமும் அங்கே அரசு பாஷை என்பதால், விதி அமலில் இருந்த 1991-லேயே அவர்களால் ஆங்கிலத்தில் பாட முடிந்தது. விதி மீறப்படவே இல்லை. அயர்லாந்து ஐரிஷ் பாஷையில் பாட்டு அனுப்பியது ஒரே ஒரு தடவை, 1972-ல். மற்றபடி எல்லாம் ஆங்கிலம். ஐரிஷ் பாஷையை அயர்லாந்தில் ஓரங்கட்டிய ஆங்கிலம், விதியின் கண்ணுக்கு அயர்லாந்தின் சொந்த பாஷை.

1968-ல் நடந்தது இன்னும் முக்கியமானது. ஸ்பெயின் தொலைக்காட்சி அந்த வருஷம் ஜுவான் மனுவல் ஸெர்ராத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் கத்தலான் பாஷையில்தான் பாடுவேன் என்றார். பிராங்கோவின் ஆட்சியில் கத்தலான், பொது இடத்திலிருந்து துரத்தப்பட்ட பாஷை. ஸெர்ராத்தை எடுத்துவிட்டு மாஸியெல் என்ற பாடகியை லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் அதே பாட்டை ஸ்பானிஷில் பாடி, இங்கிலாந்தின் க்ளிஃப் ரிச்சர்டை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தப் பாட்டின் தலைப்பு 'லா லா லா'. அதில் 'லா' என்ற அசை 138 தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எந்த பாஷையும் அல்லாத ஒரு அசையை 138 தடவை சொல்கிற பாட்டை, எந்த பாஷையில் பாடுவது என்பதற்காக ஒரு அரசும் ஒரு பாடகனும் மோதிக்கொண்டார்கள். அர்த்தம்தான் பாஷையின் சாரம் என்றால் இந்த மோதல் பைத்தியக்காரத்தனம். அப்படி இல்லை. எதைச் சொல்கிறோம் என்பதற்கு முன்னால், யாராக நின்று சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. ஸெர்ராத்துக்கு அது தெரிந்திருந்தது. அரசுக்கும் தெரிந்திருந்தது. ஓட்டுப் போட்ட நடுவர்களுக்கு மட்டும் அது தெரிய வழியில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யூரோவிஷன் மேடையில் கத்தலான் முதலில் ஒலித்தது 2004-ல், ஸ்பெயினிலிருந்து அல்ல, கத்தலானை அரசு பாஷையாகக் கொண்ட அண்டோராவிலிருந்து. அரசு இருந்தால் பாஷைக்கு மேடை உண்டு. பெரிய அரசு மனம் வைத்தாலும் உண்டு. ஸ்விட்ஸர்லாந்து 1989-ல் ரொமான்ஷிலும், பிரான்ஸ் 1996-ல் ப்ரெதோனிலும் பாட்டு அனுப்பின. விதி செய்தது இவ்வளவுதான்: பாஷையின் சாவியை அரசின் கையில் கொடுத்தது.

விதியின் இன்னொரு விளைவு அந்த 'லா லா லா'விலேயே இருக்கிறது. புரியாத காதுகள் தீர்ப்புச் சொல்ல, பாஷையையும் மாற்ற முடியாது என்றால் பாட்டு எழுதுகிறவன் என்ன செய்வான்? பாஷைக்குக் கீழே இறங்குவான். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோர் வாயிலும் நுழைகிற அசைகளைத் தேடுவான். 1984-ல் ஸ்வீடனின் மூன்று சகோதரர்கள் 'டிகி-லூ டிகி-லேய்' என்று பாடி ஜெயித்தார்கள். 1989-ல் யூகோஸ்லாவியா ஜெயித்த பாட்டு குரோஷியனில் இருந்தது, தலைப்பு 'ராக் மீ'. பெயரளவில் தேசிய பாஷை, காதளவில் யாருடைய பாஷையும் இல்லை. ஒரு பாஷையைப் பேசு என்று கட்டளையிட்டால் அவன் அதைப் பேசுவான் என்பது நிச்சயமில்லை, முணுமுணுக்கவும் செய்யலாம்.

1973-ல் விதி தளர்ந்தது. பின்லாந்து உடனே ஆங்கிலத்துக்குத் தாவியது. அவர்களுடைய அவசரம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஃபின்னிஷ், ஐரோப்பாவின் பெரும்பாலான பாஷைகளோடு உறவில்லாத குடும்பத்தைச் சேர்ந்தது. 1963, 1965 இரண்டிலும் பூஜ்யம் வாங்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் பாடி ஆறாம் இடத்துக்கு வந்தார்கள். அதற்கு மேலே போக 33 வருஷம் ஆயிற்று. 2006-ல் லோர்டி குழு முதலிடம் பெற்றதும் ஆங்கிலத்தில்தான்.

அடுத்த வருஷம், 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். இந்த ஒரு ராத்திரிதான் என் கட்டுரையின் மையம். ஸ்வீடனின் அப்பா குழு 'வாட்டர்லூ' பாட்டைப் பாடி 24 புள்ளிகளுடன் ஜெயித்தது. தங்கள் நாட்டுத் தேர்வில் அதே பாட்டை ஸ்வீடிஷில் பாடியவர்கள், பிரைட்டனில் ஆங்கிலத்தில் பாடினார்கள். அதன் பின் அவர்கள் அடைந்த உலகப் புகழைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வீடனிலேயே இந்த வியாபார வெற்றி எல்லோருக்கும் உவப்பாக இல்லை. அடுத்த ஆண்டு போட்டி ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது அதை எதிர்த்து ஒரு மாற்று இசை விழா அங்கேயே நடந்தது. 1976 போட்டியில் ஸ்வீடன் கலந்துகொள்ளவில்லை.

அதே பிரைட்டன் மேடையில் போர்ச்சுகலின் பாவ்லோ த கர்வால்யோ ஒரு பாட்டுப் பாடினார். போர்ச்சுகீஸில், விடைபெற்ற பின் என்று பொருள்படும் தலைப்பு. ஒரு காதல் முறிவைப் பற்றிய சாதாரணப் பாட்டு. பதினேழு நாடுகளில் கடைசி இடத்தை இன்னும் மூன்று நாடுகளோடு பகிர்ந்துகொண்டது. மூன்று புள்ளிகள். பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55 மணிக்கு லிஸ்பனில் ஒரு வானொலி நிலையம் இந்தப் பாட்டை ஒலிபரப்பியது. அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு, தயாராகுங்கள் என்று சொல்லும் முதல் அடையாளம் அது. நள்ளிரவுக்குப் பின், தடை விதிக்கப்பட்டிருந்த பாடகர் ஜோஸே அஃபோன்ஸோவின் பாட்டு இரண்டாவது அடையாளமாக ஒலித்தது. மறுநாள், நாற்பதாண்டுக்கு மேல் நிலைத்திருந்த சர்வாதிகாரம் விழுந்தது. துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் பூ செருகிய புரட்சி என்று உலகம் அதை அறியும்.

இதில் மிகையாகக் கற்பனை செய்ய இடம் கொடுக்கக்கூடாது. அந்தப் பாட்டில் புரட்சி எதுவும் இல்லை. அரசியல் வாடையே இல்லாததாலும், போட்டிக்குப் போய் வந்து எல்லோருக்கும் தெரிந்திருந்ததாலும்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், சந்தேகம் எழாது. ஆனால் என் கேள்வி வேறு. ஒரு பாட்டு என்ன செய்ய முடியும் என்பதை எது நிர்ணயிக்கிறது? பிரைட்டனில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது புரியாத சப்தம், மூன்று புள்ளி. லிஸ்பனில் கேட்டவர்களுக்கு அது தங்கள் வீட்டுக்குள் ஒலிக்கிற குரல். வீட்டுக்குள் ஒலிப்பதாலேயே அதை ஒளித்து வைக்க முடிந்தது, இரண்டாவது அர்த்தம் ஒன்றை அதன்மேல் ஏற்ற முடிந்தது. எல்லோருக்கும் பாடப்பட்ட 'வாட்டர்லூ'வுக்கு உலகத்தையே பிடிக்க முடிந்தது. இந்தக் காரியம் அதால் முடியாது. நான் இரண்டில் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தவில்லை. இரண்டும் வேறு வேறு காரியங்கள். புள்ளிப் பட்டியலில் ஒன்றுக்குத்தான் கட்டம் இருக்கிறது.

1977-ல் திரும்பி வந்த விதி 1998 வரை நீடித்தது. இந்தக் காலத்தின் கடைசிப் பகுதி, விதியை நம்பியவர்களுக்குச் சங்கடம் தரக்கூடியது. 1992-லிருந்து 1997 வரையிலான ஆறு போட்டிகளில் நாலை அயர்லாந்தும் ஒன்றை இங்கிலாந்தும் ஜெயித்தன, எல்லாம் ஆங்கிலம். மீதி ஒன்று, 1995-ல் நார்வே. அந்தப் பாட்டில் மொத்தமே 24 வார்த்தைகள்தான். மற்றதெல்லாம் வாத்திய இசை. 1994-ல் போலந்துப் பாடகி நடுவர்கள் பார்த்த ஒத்திகையில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பாடிவிட்டார். ஆறு நாடுகள் அவரை நீக்கச் சொல்லின, போதுமான எண்ணிக்கை சேரவில்லை. அவர் இரண்டாம் இடம் பெற்றார். எல்லோரும் தங்கள் பாஷையில் பாட வேண்டும் என்றால், ஆங்கிலத்தைத் தங்கள் பாஷையாகக் கொண்டவர்களுக்கு அது வரம். விதி ஆங்கிலத்தைத் தடுக்கவில்லை, அதை ஓரிரு நாடுகளின் ஏகபோகமாக்கியது.

1999-ல் விதி போயிற்று. மேடையில் வாசித்த வாத்தியக்குழுவும் அதே வருஷம் போயிற்று. அந்த வருஷமே ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடி ஜெயித்தது. அதற்குப் பிறகு வெள்ளம். எஸ்டோனியா, லாட்வியா, துருக்கி, கிரீஸ், ரஷ்யா எல்லாம் ஜெயித்தது ஆங்கிலத்தில். பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன் என்ற முறையில் இந்த ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். இது இங்கிலாந்தின் பாஷை அல்ல. கனவு, தீ, இதயம், இரவு, வானம் என்று ஒரு ஐம்பது வார்த்தைக்குள் முடிந்துபோகிற ஒன்று. அதில் ஊர் இல்லை, வயசு இல்லை, கிண்டல் இல்லை, பாட்டி இல்லை. விமான நிலைய அறிவிப்புப் பலகையில் இருக்கிற ஆங்கிலம். அதனால்தான் அசல் ஆங்கிலக்காரர்களுக்கே இது பயன்படவில்லை. 2003-லும் 2021-லும் இங்கிலாந்து பூஜ்யம் வாங்கிற்று. முன்பு 'லா லா லா' செய்த வேலையை இப்போது இந்த ஆங்கிலம் செய்கிறது. பெல்ஜியம் 2003-ல் முழுக்க ஒரு கற்பனை பாஷையில் பாடி, இரண்டே புள்ளியில் முதலிடத்தைத் தவறவிட்டது. கேலியாகத் தோன்றினாலும் நேர்மையான காரியம் என்பேன். புரியவேண்டியதில்லை என்று ஆனபின் பாஷை எதற்கு என்று அந்தப் பாட்டு வெளிப்படையாகவே கேட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2007-ல் மரியா ஷெரிஃபோவிச் முழுக்க செர்பியனில் பாடி ஜெயித்தார். குரோஷியா, போஸ்னியா, ஸ்லோவேனியா, மாஸிடோனியா, மான்டினீக்ரோ எல்லாம் அவருக்குப் பன்னிரண்டு புள்ளி கொடுத்தன. அண்டை நாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்கிறார்கள் என்று மேற்கே முணுமுணுத்தார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள்; பேசுகிற பாஷைக்கு வேறு வேறு பெயர் சூட்டிக்கொண்டவர்கள். பாட்டு வந்தபோது பெரும்பாலோருக்கு அது மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது. இந்தப் போட்டியின் அமைப்பையும் மீறி, புரிந்த காதுகள் ஓட்டுப் போட்ட அபூர்வ சந்தர்ப்பம் அது.

2016-ல் உக்ரைனின் ஜமாலா பாடிய '1944' இன்னொரு வழியைக் காட்டியது. 1944-ல் ஸ்டாலின், கிரிமிய டாட்டார் ஜனங்கள் அனைவரையும் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து மத்திய ஆசியாவுக்கு ஏற்றி அனுப்பினார். பாட்டில் நடந்ததைச் சொல்லும் பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஓலமிடும் பகுதி கிரிமிய டாட்டார் பாஷையில். சாட்சி சொல்ல ஒரு பாஷை, அழ ஒரு பாஷை. அந்த பாஷைக்குத் தனி அரசு கிடையாது. பழைய விதி நீடித்திருந்தால், உக்ரைன் அரசின் தயவில்லாமல் இந்தப் பாட்டு மேடை ஏறியிருக்காது. விதியின் பக்கம் நிற்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2017-ல் போர்ச்சுகலின் ஸால்வடார் ஸோப்ரால், தம் சகோதரி எழுதிய பாட்டைப் போர்ச்சுகீஸில், மேடை ஜாலம் எதுவும் இல்லாமல் பாடி 758 புள்ளி பெற்றார். 1964-லிருந்து வந்துகொண்டிருந்த நாட்டுக்கு அதுதான் முதல் வெற்றி. 2021-ல் முதல் மூன்று இடமும் இத்தாலியனுக்கும் பிரெஞ்சுக்கும். 2022-ல் உக்ரேனியன். 2023-ல் நடுவர்கள் ஸ்வீடனின் ஆங்கிலப் பாட்டைத் தூக்கிவிட்டபோது, பொதுஜன ஓட்டில் ஃபின்னிஷ் பாட்டு ஒன்று 376 புள்ளியுடன் முதலில் நின்றது. ஐரோப்பாவிலேயே விலை போகாது என்று சொந்தக்காரர்களே முடிவு கட்டியிருந்த பாஷை. இதை பாஷைகளின் வெற்றி என்று கொண்டாட நான் தயாராக இல்லை. 1999-லிருந்து 2025 வரை நடந்த 26 போட்டிகளில் ஆங்கிலமே கலவாமல் ஜெயித்தவை நாலுதான். தவிர, புரியாத பாஷையே இன்று ஒரு கவர்ச்சிச் சரக்காகிவிடும் அபாயம் இருக்கிறது. ஃபின்னிஷ் புரியாமல் ஃபின்னிஷை ரசித்தவன், அதை வேறொரு 'லா லா லா'வாகத்தான் ரசித்திருக்க முடியும். இந்தப் பாட்டுகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்கும் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஐரோப்பிய பாஷைகளில் எனக்கு ஆங்கிலம் ஒன்றே தெரியும்.

ஆகவே விதி திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதி அரசைக் காப்பாற்றிற்று, சுதந்திரம் சந்தையைக் காப்பாற்றிற்று. பாஷையைக் காப்பாற்றுவது இரண்டின் வேலையும் அல்ல. பிறர் காதுக்குப் பாடுவதில் தவறு ஒன்றும் இல்லை, அதற்கு ஒரு திறமை வேண்டும். தவறு, பிறர் காதே கடைசித் தீர்ப்பு என்று நம்பத் தொடங்குவதில். அந்த நம்பிக்கை வந்தபின் எழுதுகிறவன் தன் வார்த்தைகளில் எதெல்லாம் வெளியே செல்லுபடியாகாதோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறான். கடைசியில் மிஞ்சுவது எந்த பாஷையில் இருந்தால் என்ன? பாட்டுக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி அல்ல இது. மொழிபெயர்ப்பையும் பரிசையும் மனத்தில் வைத்து எழுதப்படும் நாவல்கள் எல்லா பாஷைகளிலும் இருக்கின்றன. முந்நூறு பிரதி விற்கிற ஒரு பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு, பிரைட்டனில் மூன்று புள்ளி வாங்கிய அந்தப் பாட்டின் மேல் கொஞ்சம் கூடுதல் கரிசனம் இருப்பது இயல்பு. கரிசனத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறாது. அந்த ராத்திரி ஓட்டுப் போட்டவர்கள் தங்களுக்குக் கேட்டதற்கு நியாயமாகவே ஓட்டுப் போட்டார்கள். கேட்காததற்கு ஓட்டுப் போட அவர்களிடம் வழியில்லை.